எத்தனை விழுக்காடு முடிந்தது?

டெல்லியிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் முன்னேற்ற அறிக்கைப் படிவத்தில் ஏழாவது கட்டம் மிகச் சிறியது. "ஆய்வேட்டுப் பணி எத்தனை விழுக்காடு நிறைவுற்றது?" என்பது கேள்வி. விடைக்கு இரண்டு இலக்கங்கள் மட்டுமே கொள்ளும் இடம். வரலாற்றுத் துறையின் ஆய்வு மாணவி ஒருத்தி ஐந்தாம் பருவத்தில் அந்தக் கட்டத்தில் 60 என்று எழுதினாள். ஆறாம் பருவத்திலும் 60 என்றே எழுதினாள். ஏழாம் பருவத்தில் நெடுநேரம் யோசித்துவிட்டு மீண்டும் 60 என்று எழுதினாள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, முனைவர் பட்ட ஆய்வாளர் பருவந்தோறும் ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழுவின்முன் தோன்றித் தம் பணியை விளக்கிச் சுருக்கமான அறிக்கை அளிக்க வேண்டும். ஆய்வுக்கான உச்சவரம்பு 6 ஆண்டுகள். அதன்பின் மறுபதிவு செய்தால்தான் நீட்டிப்பு. விழுக்காட்டைக் கேட்பது அந்த நெறிமுறை அன்று. பல்கலைக்கழகம் தானே அச்சிட்ட படிவம். ஏழாம் பருவக் கூட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவர் மூன்று அறிக்கைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார். "ஒன்றரை ஆண்டாக ஒன்றும் நடக்கவில்லையா?" என்று கேட்டார். கேள்வியில் கடுமை இல்லை, வியப்புத்தான் இருந்தது. மாணவியிடம் விடை இல்லை.

நடக்காமல் இல்லை. அந்த ஒன்றரை ஆண்டில் அவள் எழுதியது அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் எழுதியதைவிட அதிகம். அவளுடைய மடிக்கணினியில் மூன்றாம் இயலுக்கு மட்டும் பதினோரு கோப்புகள் இருந்தன. "இயல் மூன்று இறுதி", "இயல் மூன்று இறுதி புதியது", "இயல் மூன்று உண்மையான இறுதி" என்றவாறு அவற்றின் பெயர்கள் நீண்டன. எது முந்தியது, எது பிந்தியது என்பது அவளுக்கே தெளிவில்லை. எழுதியதில் பெரும்பகுதியை அழித்திருந்தாள். அழித்தது கணக்கில் வருமா வராதா என்று தெரியாததால் 60 என்ற எண்ணிலேயே நின்றுவிட்டாள்.

அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணம் வேறு. புந்தேல்கண்டின் ஒரு சிற்றூரிலிருந்து வந்தவள். முதுகலை வரை இந்தி வழியில் பயின்றவள். ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தது. தன் ஆங்கிலம் போதாது, அதனால்தான் இயல் நகரவில்லை என்று உறுதியாக நம்பினாள். ஏழாம் பருவக் கூட்டத்துக்குப் பிறகு ஆய்வை விட்டுவிட்டு ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கலாமா என்றும் எண்ணத் தொடங்கினாள்.

வாரந்தோறும் ஊரிலிருந்து தந்தை பேசுவார். அவர் கொத்தனார். "எதுவரை வந்திருக்கிறது, பிட்டியா?" என்பது அவருடைய வழக்கமான கேள்வி. அந்தக் கேள்வியில் அவர் எதிர்பார்த்தது ஓர் எண்ணை அன்று. அவர் தொழிலில் ஒரு வீடு "எதுவரை" வந்தது என்றால் கடைக்கால் தோண்டியாயிற்றா, அடித்தள மட்டம் எழும்பியதா, லிண்டல் மட்டம் வந்ததா, தளம் போட்டாயிற்றா, பூச்சு முடிந்ததா என்றுதான் பொருள். பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் கீழ் ஊரகங்களில் கட்டப்படும் வீடுகளுக்கு அரசு தவணைத்தொகையை விடுவிப்பதும் இத்தகைய நிலைகளை ஒட்டித்தான். ஒவ்வொரு நிலையிலும் இடக்குறியீட்டுடன் படம் எடுத்துப் பதிவேற்றுகிறார்கள். படிக்காத ஒருவர்கூடத் தெருவில் நின்று பார்த்து வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். மகளின் வேலைக்கு அப்படிப் பார்க்கத்தக்க நிலை எதுவும் இல்லை. இல்லை என்றுதான் அவள் எண்ணியிருந்தாள்.

அதே வளாகத்தில் ஓய்வுபெறும் தறுவாயிலிருந்த ஒரு பேராசிரியை, ஆய்வு மாணவர் ஆறு பேரைச் சேர்த்துச் சனிக்கிழமைதோறும் எழுத்துப் பயிற்சி வகுப்பு நடத்திவந்தார். மாணவி அங்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி ஆங்கிலத்தைப் பற்றியது அன்று. "மூன்றாம் இயலில் எத்தனை பகுதிகள்?" என்றார். அவளுக்குத் தெரியவில்லை. எண்ணிப் பார்த்தபோது பதினான்கு வந்தன. பதினான்கு துண்டுச் சீட்டுகளில் பகுதிக்கு ஒன்றாகத் தலைப்பு எழுதச் சொன்னார்.

சுவரில் பழுப்புத் தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. அதில் எட்டுப் பத்திகள்: படித்தல், குறிப்பெடுத்தல், கேள்வி, அடுக்குமுறை, முதல் வரைவு, மறுகட்டமைப்பு, மொழிச் சீர்மை, பிறர் வாசிப்பு. ஒவ்வொரு சீட்டும் உண்மையில் எந்த நிலையில் இருக்கிறதோ அந்தப் பத்தியின்கீழ் ஒட்ட வேண்டும். நிலை மாறும்போது சீட்டை நகர்த்தி, அதன் பின்புறத்தில் நாளைக் குறிக்க வேண்டும். இயல் முழுவதற்கும் ஒரே சீட்டு என்பது கூடாது. இயல் என்பது நகர்வது தெரியாத அளவுக்குப் பெரிய பொருள்; நான்கைந்து பக்கப் பகுதிதான் நகர்வது கண்ணுக்குத் தெரியும்.

விதிகளில் ஒன்று மாணவிக்கு விசித்திரமாகப் பட்டது. சீட்டு வலப்புறம் போவதைப் போலவே இடப்புறமும் போகலாம். முதல் வரைவில் இருந்தது கேள்விக்குத் திரும்பலாம். மொழிச் சீர்மையில் இருந்தது படித்தலுக்கே திரும்பலாம். இடப்புறம் போனால் பின்புறத்தில் சிவப்பு மையால் நாளோடு ஒரு வரியில் காரணம் எழுத வேண்டும். "வீடு கட்டுவதில் தளம் போட்ட பிறகு கடைக்காலுக்குத் திரும்ப முடியாது. எழுத்தில் திரும்பாமல் முடியாது. அவ்வளவுதான் வேறுபாடு" என்றார் பேராசிரியை. மாணவியின் தந்தை கொத்தனார் என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

எழுத்தைப் பற்றிய ஆய்வுகள் இதைச் சொல்லி அரை நூற்றாண்டு ஆகிறது. ஜேனட் எமிக் 1971இல் வெளியிட்ட ஆய்வில் பள்ளி இறுதி வகுப்பு மாணவர் எட்டுப் பேரை எழுதும்போதே தம் எண்ணத்தை வாய்விட்டுச் சொல்லச் செய்து, அவர்கள் உண்மையில் எப்படி எழுதுகிறார்கள் என்று கவனித்தார். பாடநூல்கள் சொல்லும் நேர்கோட்டு வரிசை அவர்களிடம் காணப்படவில்லை. லிண்டா ஃப்ளவரும் ஜான் ஹேயஸும் 1981இல் முன்வைத்த மாதிரியில் திட்டமிடல், வரிகளாக்கல், மீள்பார்வை ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் கட்டங்கள் அல்ல. எழுதும் எந்தக் கணத்திலும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து இயங்குபவை. நான்சி சாமர்ஸ் 1980இல் மாணவர் இருபது பேரையும் தேர்ந்த எழுத்தாளர் இருபது பேரையும் ஒப்பிட்டார். மாணவர்கள் திருத்தம் என்று செய்தது பெரும்பாலும் சொல்லை மாற்றுவது. தேர்ந்தவர்கள் தம் வாதத்தின் வடிவத்தைத் தேடித் திருத்தினார்கள். இவை எல்லாம் நம் ஆய்வு முறையியல் பாடத்தில் இடம்பெறுவது அரிது. மேற்கோள் அடையாளத்தை எங்கே இடுவது என்று மாணவருக்குக் கற்பிக்கிறோம். ஒரு பக்கம் எப்படி உருவாகிறது என்பதை அவரே கண்டுகொள்ள விட்டுவிடுகிறோம்.

இரண்டாம் சனிக்கிழமை பேராசிரியை ஒரு தாளைக் கொண்டுவந்தார். அதில் நான்கு எண்கள் இருந்தன: 243, 315, 386, 395. இவை எதன் எண்கள் என்று கேட்டார். அரசியல் அறிவியல் மாணவர் ஒருவர் மட்டும் கடைசி எண்ணை அடையாளம் கண்டார். 1949ஆம் ஆண்டு நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்ட இந்திய அரசியலமைப்பின் உறுப்புகள் 395. அரசியலமைப்பு ஆலோசகர் பி. என். ராவ் 1947 அக்டோபரில் அணியமாக்கிய முதல் வரைவில் 243 உறுப்புகளும் 13 அட்டவணைகளும் இருந்தன. அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு 1948 பிப்ரவரியில் அளித்த வரைவில் 315 உறுப்புகள், 8 அட்டவணைகள். உறுப்புவாரி விவாதம் முடிந்தபோது 386. இறுதி வடிவில் 395 உறுப்புகளும் அதே 8 அட்டவணைகளும். முன்மொழிவுக்கு வந்த திருத்தங்கள் ஏறத்தாழ 7,635. அவையில் எடுத்துக்கொள்ளப்பட்டவை 2,473. இந்தக் கணக்கை 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கரே தம் நிறைவுரையில் அவைமுன் வைத்தார்.

"1948 பிப்ரவரியில் இவர்களிடம் உங்கள் படிவத்தைக் கொடுத்திருந்தால் எத்தனை விழுக்காடு என்று எழுதியிருப்பார்கள்?" என்று பேராசிரியை கேட்டார். முழு வரைவு கையில் இருந்தது. எனவே நூறு என்று எழுதியிருக்கலாம். ஏற்பதற்கு இன்னும் இருபத்தொரு மாதங்கள் இருந்தன. எனவே ஐம்பது என்றும் எழுதியிருக்கலாம். இரண்டு எண்களும் எதையும் தெரிவிக்கமாட்டா. ஆனால் எந்த உறுப்பு விவாதத்தில் இருக்கிறது, எது ஒத்திவைக்கப்பட்டது, எது ஏற்கப்பட்டது என்று கேட்டிருந்தால் அவையின் அலுவலகம் அன்றே விடை சொல்லியிருக்கும்.

ஒத்திவைப்பு என்பதுதான் அன்று மாணவர்களை மிகவும் கவர்ந்தது. நாட்டின் பெயரைச் சொல்லும் முதல் உறுப்பு 1948 நவம்பரில் விவாதத்துக்கு வந்து, முடிவின்றி ஒத்திவைக்கப்பட்டது. அது மீண்டும் வந்தது 1949 செப்டம்பரில். பத்து மாதங்கள் அந்த ஒரு வாக்கியத்துக்காக அவை காத்துக்கொண்டிருக்கவில்லை. மற்றவற்றை நடத்திக்கொண்டு போனது. முகப்புரையோ எல்லாவற்றுக்கும் பின்னர், 1949 அக்டோபர் 17 அன்றுதான் எடுத்துக்கொள்ளப்பட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்பது முடிவான பிறகே அதை முன்னால் நின்று சொல்லும் வாசகத்தை முடிவு செய்தார்கள். முன்னுரையின் முதல் பத்தியை நாற்பது முறை எழுதி அழித்த மாணவர்கள் அந்த அறையில் மூவர் இருந்தனர். அவர்களில் அவளும் ஒருத்தி.

அவளது சுவர்த்தாள் முதல் நாளிலேயே ஒரு செய்தியைக் காட்டிவிட்டது. பதினான்கு சீட்டுகளில் ஐந்து "மொழிச் சீர்மை"யின்கீழ் இருந்தன. அந்த ஐந்தும் இயலில் எந்த வரிசையில் வர வேண்டும் என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. இடம் முடிவாகாத சுவர்களுக்கு அவள் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தாள். வரிசை மாறும்போதெல்லாம் பகுதியின் தொடக்கமும் முடிவும் பொருந்தாமல் போயின; அவற்றை மீண்டும் எழுதினாள்; மீண்டும் மெருகேற்றினாள். தொடக்கநிலை எழுத்தாளர்கள் மிக முன்னதாகவே திருத்தத் தொடங்கி, அதனால் எண்ண ஓட்டத்தை இழக்கிறார்கள் என்று சோந்த்ரா பெர்ல் 1979இல் எழுதியது இதைத்தான்.

ஆறாம் பகுதி சொன்ன செய்தி அதைவிட முதன்மையானது. அவளுடைய ஆய்வு 1911இல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்ட பின் புதுடெல்லியைக் கட்டி எழுப்பிய கட்டடத் தொழிலாளரைப் பற்றியது. ஆறாம் பகுதி அவர்களின் கூலி. அந்தச் சீட்டு ஆறு வாரங்களில் நான்கு முறை "முதல் வரைவு"க்குப் போய் நான்கு முறையும் இடப்புறம் திரும்பியது. சிவப்பு மையால் எழுதிய காரணங்களில் முதல் மூன்றும் ஒரே காரணம்: "ஆங்கிலம் சரியாக வரவில்லை." நான்காம் முறை பேராசிரியை அந்த வரியை ஏற்கவில்லை. எந்த வாக்கியம் வரவில்லை என்று காட்டச் சொன்னார். இரண்டு ஆண்டுகளின் கூலியை ஒப்பிடும் வாக்கியம்தான் வரவில்லை. அதை இந்தியில் சொல்லிப் பார்க்கச் சொன்னார். இந்தியிலும் அது வரவில்லை.

அப்போதுதான் அவள் தன் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தாள். ஒரு கோப்பிலிருந்து எடுத்த கூலி நாட்கணக்கில் இருந்தது. மற்றொன்றில் எடுத்தது செதுக்கிய கல்லின் அளவுக்கேற்ற கூலி. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்து ஒப்பிட எந்த மொழியாலும் இயலாது. குறைபாடு மொழியில் இல்லை, கேள்வியில் இருந்தது. சீட்டு "கேள்வி"ப் பத்திக்குப் போனது. அங்கே மூன்று வாரங்கள் இருந்தது. அந்த மூன்று வாரங்களில் அவள் ஆவணக் காப்பகத்துக்குப் போய், ஒரு கல்தச்சர் ஒரு நாளில் எவ்வளவு கல் செதுக்கியிருக்க முடியும் என்பதற்கான குறிப்புகளைத் தேடினாள். கேட்ட கோப்புகளில் சில கிடைக்கவில்லை. கிடைத்தவற்றைக் கொண்டு இரு கூலிமுறைகளும் அருகருகே நிலவியது ஏன் என்று கேட்க முடிந்தது. பழைய கேள்வியைவிட அது நல்ல கேள்வி.

அழித்தவற்றுக்கும் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. "வெட்டியவை" என்ற பெயரில் ஒரு கோப்பு. நீக்கும் பத்தி எதுவானாலும் நாளோடு அதில் போய்ச் சேர வேண்டும். கோப்புப் பெயர்களில் "இறுதி" என்ற சொல் தடைசெய்யப்பட்டு, ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்கள் மட்டும் இடம்பெற்றன. இந்த வகுப்பின் சுவரில் ரவீந்திரநாத் தாகூரின் கைப்பிரதிப் பக்கம் ஒன்றின் படியும் தொங்கியது. அடித்த வரிகளை அவர் மையால் இணைத்து இணைத்துப் பறவையாகவும் விலங்காகவும் ஆக்கியிருப்பார். அந்தக் கிறுக்கல்களிலிருந்தே அவருடைய ஓவிய வாழ்வு தொடங்கியது. ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் உருவாக்கிய "பிசித்ரா" இணையத் தொகுப்பில் அவருடைய பல்லாயிரம் கைப்பிரதிப் பக்கங்களை இன்று எவரும் காணலாம். ஒரே படைப்பின் பல வடிவங்களை ஒப்பிடலாம். "ரக்தகரபி" நாடகம் முதலில் "யக்ஷபுரி" என்ற பெயரோடு தொடங்கிப் பல வரைவுகளைக் கடந்து அந்தப் பெயருக்கு வந்தது. அச்சுநூலை மட்டும் படிக்கும் மாணவர், அது அப்படியே பிறந்தது என்று எண்ணிக்கொண்டு தன் முதல் வரைவை அதனோடு ஒப்பிட்டு வெட்குகிறார்.

எல்லாம் நன்றாகவே நடந்தன என்று சொல்ல முடியாது. அந்த ஆறு பேரில் ஒருவர் கணினியில் வண்ணவண்ணமாக ஓர் அட்டவணையை அமைப்பதில் இரண்டு வாரங்களைச் செலவிட்டார். அந்த இரண்டு வாரங்களில் ஒரு பத்தியும் எழுதவில்லை. இன்னொருவர் சனிக்கிழமை காலையில் வகுப்புக்குச் சற்று முன்னதாக வந்து மூன்று சீட்டுகளை வலப்புறம் நகர்த்தி வைப்பார். பேராசிரியை இதைக் கண்டும் காணாதவர்போல் இருந்தார். சில வாரங்களில் அந்த மாணவரே சீட்டுகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய் ஒட்டினார்.

உண்மையான இடர் வேறிடத்திலிருந்து வந்தது. வகுப்பைப் பற்றிக் கேள்வியுற்ற துறை, இந்த எட்டு நிலைகளையும் முன்னேற்றப் படிவத்திலேயே சேர்த்து, ஒவ்வொரு பருவத்திலும் எத்தனை சீட்டுகள் நகர்ந்தன என்பதைக் கட்டாயமாகக் கணக்கிடலாம் என்று முடிவெடுக்க முனைந்தது. பேராசிரியை மறுத்துவிட்டார். நகர்வு மதிப்பெண்ணாகிவிட்டால் எந்தச் சீட்டும் இனி இடப்புறம் போகாது. ஆறாம் பகுதி தவறான ஒப்பீட்டோடு மொழிச் சீர்மைக்குப் போயிருக்கும் என்று துறைத்தலைவருக்கு எழுதினார். மாணவர் தாமாக விரும்பினால் இணைக்கலாம் என்பதோடு அந்த முயற்சி நின்றது.

எட்டாம் பருவ அறிக்கையில் மாணவி ஏழாவது கட்டத்தை வெறுமையாக விடவில்லை. விட்டால் படிவம் திரும்பி வந்துவிடும். 65 என்று எழுதினாள். அதன்கீழ் "இணைப்பைக் காண்க" என்று சேர்த்தாள். இணைப்பு ஒரே பக்கம்: பதினான்கு பகுதிகள், ஒவ்வொன்றும் எந்த நிலையில் உள்ளது, கடைசியாக எப்போது நகர்ந்தது, திரும்பியிருந்தால் ஏன். முன்பு வியந்து கேட்ட அதே உறுப்பினர் அந்தப் பக்கத்தை இருமுறை படித்தார். பிறகு விழுக்காட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஆறாம் பகுதி கேள்விக்குத் திரும்பியிருக்கிறதே, இரண்டு கூலிமுறைகளும் ஒரே ஒப்பந்தக்காரரிடம் இருந்தனவா?" என்று கேட்டார். மூன்றரை ஆண்டுகளில் அந்தக் குழு அவளுடைய ஆய்வுப் பொருளைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. அரைமணி நேரம் அதைப் பற்றியே பேச்சு நடந்தது. அவள் ஆங்கிலத்திலும் நடுநடுவே இந்தியிலும் விடை சொன்னாள்.

அன்றிரவு தந்தை அழைத்தார். எதுவரை வந்திருக்கிறது என்று வழக்கம்போலக் கேட்டார். மூன்றாம் இயல் லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டது, ஆனால் நடுவில் ஒரு சுவரை இடித்துவிட்டு மீண்டும் கட்டிக்கொண்டிருப்பதாக அவள் சொன்னாள். எதற்காக இடித்தாய் என்று கேட்டார். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்ததில் சாய்வாக இருந்தது என்றாள். தளம் போடுவதற்கு முன் பார்த்தாயே, அதுவரை நல்லது என்றார் அவர். பிறகு, செங்கல் மறுபடி பயன்படுமா என்று கேட்டார். பாதி பயன்படும், மீதியைத் தனியே அடுக்கி வைத்திருக்கிறேன் என்றாள்.